திண்டுக்கல் ரோட்டுத் துபாய்

உக்காருங்க. அதுல வேணாம், அந்தச் சேருக்குப் பின்னங்கால் விரிசல் விட்டிருக்கு. சாஞ்சீங்கன்னா உங்களையும் சேத்துச் சாச்சுரும். இதுல உக்காருங்க. சேரைப் பாத்த உடனே சொல்லிருவேன், தொழிலே அதுதானே. மதுரையில எங்க பக்கம் வந்து பால்பாண்டி பந்தல் ஸ்டோர்னு கேட்டுப் பாருங்க. காதுகுத்தோ, கல்யாணமோ, எழவோ, எதுவா இருந்தாலும் நம்ம பந்தல்ல நம்ம சேர்லதான் உக்காருவாங்க.

பையனை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? மொதத் தடவையா? பாத்தாலே தெரியுது, பையை மடியில இருந்து எறக்காம உக்காந்திருக்கீங்க. நானும் அப்பிடித்தான் உக்காந்திருந்தேன், இதே வராண்டாவுல. பயப்படாதீங்க. போதையை விடுறதுக்குச் சேக்குற எடம்னா கட்டிவச்சு அடிப்பாங்கன்னு நானும் நெனச்சேன். அதெல்லாம் கெடையாது, நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. சோறுதான் கொஞ்சம் கொழஞ்சிருக்கும்.

நான் யாரையும் சேக்க வரல. எங்க வீட்டம்மாவைக் கொண்டாந்து விட்டேன். உள்ள கூடத்துல பேச்சுச் சத்தம் கேக்குதுல்ல, அதுல பெரிய சத்தம் எதுவோ அது அவளோடது. பஞ்சவர்ணம்னு பேரு. மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை வந்து, பையங்களைச் சேத்திருக்கிற அப்பா அம்மாவுக்கெல்லாம் பாடம் நடத்துறா. என் பையனும் உள்ளதான் இருக்கான், நவநீதன். சேக்கல, சேக்கல. இப்ப நல்லாருக்கான். அவனும் பேசத்தான் வந்திருக்கான். குடும்பமே பேசுது. நான் ஒருத்தன்தான் வாயைப் பொத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன்.

உங்ககிட்ட சொல்றதுல என்ன இருக்கு. நீங்க தேனிப் பக்கம்ங்கிறீங்க. நமக்குள்ள பொண்ணு எடுக்குறது குடுக்குறது ஒண்ணும் வரப்போறதில்ல. முழுசாக் கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வார்த்தையை அவ தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமா கூடாதா?

என் பையன் குடிக்க மாட்டான். அதை மொதல்ல தெரிஞ்சுக்குங்க. சிகரெட்டு தொட மாட்டான். வீட்டுக்குள்ள நொழையும்போதே வாயை மோந்து பாத்துருவேன், சுத்தமா இருக்கும். நானும் நிம்மதியா இருந்தேன். வலிக்குப் போடுற மாத்திரையை ஊசியில ஏத்திக்கிற காலம் வந்திருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அது வாயில வாடை அடிக்காதாமே. சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு நின்னான். பரவாயில்ல, பையன் டீசண்டா ஆயிட்டான்னு நெனச்சேன்.

கண்டுபிடிச்சது அவதான். எப்பிடிக் கண்டுபிடிச்சான்னு கேக்காதீங்க, துணி தொவைக்கிறவளுக்குத் தெரியாததா. ஒரு நாள் என்னையும் அவனையும் ஒக்கார வச்சு, முழுக்கையைச் சுருட்டிக் காட்டுனா. நான் கையைப் பாக்கல. சன்னல் தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பாத்தேன். பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேக்கும்.

சரி, இங்க கொண்டாந்து சேத்தோம். ஆறு மாசம் இருக்கட்டும்னாங்க. இருக்கட்டும், பையனுக்கு நல்லதுதானே. ஆனா தெருவுல என்ன சொல்றது? அதைப் பத்தி இங்க ஒருத்தரும் யோசிக்கல. டாக்டருக்குத் தெரு இல்ல. எனக்கு இருக்கே.

துபாய்ங்கிற யோசனை என்னோடதுதான். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. எங்க பக்கம் பையனைக் காணோம்னா ரெண்டு பதில்தான் எடுபடும், ஒண்ணு பெங்களூரு, இன்னொண்ணு துபாய். பெங்களூருன்னா பொங்கலுக்கு வரலையாம்பாங்க, கோயில் கொடைக்கு வரலையாம்பாங்க. துபாய்னா கேக்க மாட்டாங்க. டிக்கெட்டு வெலை எல்லாருக்கும் தெரியும். அதனால துபாய்ல கிரேன் கம்பெனியில வேலைன்னு சொல்லி வச்சோம். மாசம் ஒருக்கா நானும் அவளும் பஸ் ஏறி, திண்டுக்கல் ரோட்டுல இருக்கிற இந்தத் துபாய்க்கு வந்து பையனைப் பாத்துட்டுப் போவோம். அவ வழியெல்லாம் மொணங்கிக்கிட்டே வருவா. நான் காதுல போட்டுக்க மாட்டேன்.

வந்தா இங்க வகுப்பு வைப்பாங்க, குடும்பத்துக்குன்னு. நான் ரெண்டு தடவை உக்காந்தேன். அப்புறம் முகூர்த்தச் சீசன், போன் வந்துக்கிட்டே இருக்கும். வெளிய வந்து இந்தத் தூண்கிட்ட நின்னு பேசுவேன். அவ மட்டும் உள்ள உக்காந்திருப்பா. மயங்கிக் கெடந்தா எப்பிடிப் பெரட்டிப் போடணும், மூச்சு எப்பிடிக் குடுக்கணும்னு தலகாணியை வச்சுக்கிட்டுப் பழகிட்டிருப்பா. கண்ணாடி வழியாத் தெரியும். எனக்குச் சிரிப்பா வரும்.

ஆறு மாசம் முடிஞ்சு பையனை அனுப்பும்போது இங்க இருக்கிற ரெஜினா மேடம் ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. இனிமேதான் நீங்க ரொம்பக் கவனமா இருக்கணும்னாங்க. இத்தனை மாசம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது, முன்னாடி எவ்வளவு போட்டானோ அதையே மறுபடி போட்டாக்கூட மூச்சு நின்னுரும்னாங்க. வெளிய போன கொஞ்ச நாள்ல சறுக்குறவங்கதான் இப்பிடிப் போயிடுறாங்க, அதனால கூட இருக்கிறவங்க நாலு பேருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கட்டும், மறைக்காதீங்கன்னாங்க. எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. ஏம்மா, ஆறு மாசம் வச்சிருந்து சரியாயிட்டான்னு குடுக்கறீங்க, குடுக்கும்போதே செத்துருவான்னும் சொல்லிக் குடுக்கறீங்களே, நான் சேரை வாடகைக்கு விடும்போது இது ஒடஞ்சுரும்னு சொல்லியா விடுவேன்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கல. பஞ்சவர்ணம் மட்டும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தா.

இப்ப அடுத்த சிக்கலைப் பாருங்க. துபாய்ல இருந்து வர்ற பையன் ஆரப்பாளையத்துல பஸ்ஸை விட்டு எறங்க முடியுமா? அதுலயும் என் தங்கச்சி மாப்பிள்ளை ஒரு மாதிரியான ஆளு. எதுன்னாலும் கும்பலாச் செய்யணும் அவருக்கு. மருமகன் வர்றான்னு தெருப் பசங்களைக் கூட்டிக்கிட்டு, மாலையும் வாங்கிக்கிட்டு, ஏர்போர்ட்டுக்கு வேன் பிடிச்சுட்டாரு. அவங்க போறதுக்கு முன்னாடி நான் இவனைக் கொண்டுபோய் அங்க நிறுத்தியாகணும்.

ஒரு பெரிய பெட்டி வாங்குனேன். செண்டு, பேரீச்சம்பழம், பால்பவுடர், பூப்போட்ட கம்பளி, எல்லாம் டவுன் ஹால் ரோட்டுல வாங்கி, வெலை ஸ்டிக்கரை ஒவ்வொண்ணாக் கிழிச்சேன். ஒரு ஆட்டோ பிடிச்சு ஏர்போர்ட்டுக்குப் போய், இவனைத் தூணுக்குப் பின்னாடி நிறுத்தி வச்சேன். நெசமாவே துபாய்ல இருந்து பிளேன் வந்து, ஆளுங்க தள்ளுவண்டியோட வெளிய வர ஆரம்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள இவனைத் தள்ளிவிட்டேன். அப்பா, இதெல்லாம் தேவையாப்பான்னான். மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைடான்னேன். வச்சான். தங்கச்சி மாப்பிள்ளை மாலையைப் போட்டு, என்னய்யா இப்பிடி வெளுத்துட்ட, ஏசியிலயே வேலையான்னாரு. ஆமா மாமான்னான். எவ்வளவு சுத்தமா முடிச்சேன் பாருங்க. ஒரு கல்யாணப் பந்தலைக்கூட நான் அவ்வளவு சுத்தமாக் கட்டுனதில்ல.

ஆனா வந்ததுல இருந்து அவனுக்கு மொகமே சரியில்ல. கடையில நிப்பான், தெருவுல போறவன் வர்றவன் எல்லாம், என்ன துபாய்க்காரரே, ட்ரீட் எப்பன்னு கேப்பான். பழைய பசங்க போன் போடுவானுங்க. ஒரு நாள் என்கிட்ட வந்து சொன்னான், அப்பா, சொல்லிரலாம்பா. அவனுங்க கூப்பிட்டா வரலைன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரு காரணமே இல்லப்பா, இங்கதான் இருந்தேன், இதை விட்டுட்டேன்னு சொன்னா விட்டுருவானுங்கன்னான். நான் சொன்னேன், காரணமாடா இல்ல, வயித்துவலின்னு சொல்லு. பெத்தவன் எவ்வளவுதான் யோசிச்சுக் குடுக்குறது?

இதுக்கு நடுவுல சம்பந்தம் வந்துருச்சு. நானாத் தேடல. துபாய்ப் பையன்னா தேடாமலே வருது. விருதுநகர் தங்கப்பழம் அண்ணாச்சி, ஜவுளிக்கடை வச்சிருக்காரு, மரியாதையான மனுஷன். ஒரே பொண்ணு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் குடும்பத்தோட வந்து பாக்குறோம்னாங்க. நவநீதன் அதுக்கும் வந்து நின்னான். அப்பா, அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லணும்பான்னான். பஞ்சவர்ணமும் சேந்துக்கிட்டா. நான் சொல்ல வேணாம்னு சொல்லல. நிச்சயம் முடியட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னுதான் சொன்னேன். எதையும் சொல்றதுக்கு ஒரு நேரங்காலம் இருக்குல்ல.

அன்னைக்குக் காலையில முடி வெட்டிட்டு வர்றேன்னு போனான். வர நேரமாச்சு. வந்தவன் அறைக்குள்ள போய்ப் படுத்துட்டான். முடி வெட்டல. கடையில கூட்டமா இருந்திருக்கும்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி குடும்பம் வந்து எறங்கிருச்சு, பெரிய கார்ல.

நடு வீட்டுல உக்கார வச்சேன். பையன் எங்கன்னாங்க. தூங்குறான், துபாய் நேரம் இன்னும் ஒடம்பை விட்டுப் போகலன்னேன். அண்ணாச்சி, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒன்றரை மணி நேரந்தானே வித்தியாசம்னாரு. அவர் மச்சான் அங்க இருக்கானாம். நான் விட்டுக்குடுக்கல. சில பேரு ஒடம்புவாகு அப்பிடின்னேன். அப்பத்தான் உள்ள இருந்து குறட்டை கேட்டுச்சு. எப்பவும் போடுற குறட்டை இல்ல. தொண்டையில தண்ணி கெடந்து கொழகொழன்னு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் மறுபடி ஒரு சத்தம். நான் சிரிச்சுக்கிட்டே, பாத்தீங்களா, அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குறான்னேன்.

பஞ்சவர்ணம் கேசரித் தட்டோட வந்துட்டிருந்தா. அந்தச் சத்தத்தைக் கேட்டா, அப்பிடியே நின்னா. தட்டைப் பொண்ணோட அம்மா மடியில வச்சுட்டு ஓடுனா. மடியிலங்க. பட்டுச்சேலை. நெய் வழியுது.

நானும் பின்னாடியே போனேன். ஒதடு நீலமா இருந்துச்சு. நகமெல்லாம் நீலம். அவ அவன் பேரைச் சொல்லிக் கத்துறா, கன்னத்துல தட்டுறா, நெஞ்செலும்புல வெரல் முட்டியை வச்சுத் தேய்க்கிறா. கண்ணு தொறக்கல. தலையைப் பின்னால சாச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயோட வாய் வச்சு ஊதுறா. ஊதிட்டு நெஞ்சு எழும்புதான்னு பாக்குறா, மறுபடி ஊதுறா. எனக்கு என்ன பண்ணத் தெரியும்? வாசப்படியில அண்ணாச்சி குடும்பமே நிக்குது. கதவைச் சாத்தப் போனேன். அவ தலையைத் தூக்கி, கதவைச் சாத்துனீங்கன்னா இன்னையோட நான் உங்களுக்குப் பொண்டாட்டி இல்லன்னா. முப்பது வருசத்துல அவ அப்பிடி ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. வந்தவங்க முன்னாடி பேசுனா.

108-க்குப் போன் போடுங்கன்னா. அண்ணாச்சி, எதுக்கு நிக்கணும், என் வண்டி வாசல்லதானே நிக்குதுன்னு அவரே தூக்குனாரு. பின்சீட்டுல அவனைப் போட்டு, வழியெல்லாம் ஊதிக்கிட்டே வந்தா. நான் முன்சீட்டு. அண்ணாச்சி ஓட்டிக்கிட்டே, என்னங்க செய்யுதுன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லங்க, பயண அலுப்புதான், வெயிலுன்னேன்.

பெரியாஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரு ஒருத்தரு. இமையைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, என்ன போட்டான், எப்பப் போட்டான்னு கேட்டாரு. என் பக்கத்துல அண்ணாச்சி நிக்கிறாரு. அவருக்குப் பின்னால அவர் சம்சாரம், கேசரிக் கறையோட. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான், ஒரு பழக்கமும் இல்லீங்க டாக்டர், துபாய்ல இருந்து வந்த பையன், சாப்பாடு ஒத்துக்கலைன்னேன். டாக்டரு மறுபடி கேட்டாரு, சார், மாத்திரையா, ஊசியா, தெரிஞ்சா உடனே மருந்து குடுக்கலாம்னாரு. சத்தியமா ஒண்ணும் இல்லீங்கன்னேன்.

அவ என்னை இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி வந்தா. டாக்டர், வலி மாத்திரையை ஊசியில போடுவான், ஆறு மாசமா விட்டிருந்தான், இன்னைக்குக் காலையில போட்டிருக்கான்னா. அதோட நிறுத்தியிருக்கலாம்ல. நிறுத்தல. துபாயும் இல்ல ஒண்ணும் இல்ல, அவன் திண்டுக்கல் ரோட்டுலதான் இருந்தான்னா. சத்தமா. அந்த வார்டு பூராக் கேக்குற மாதிரி. அண்ணாச்சி திரும்பி என்னைப் பாத்தாரு பாருங்க, இன்னைக்கும் அந்தப் பார்வை கண்ணுக்குள்ளயே நிக்குது.

டாக்டரு ஒரு ஊசி போட்டாரு. கொஞ்ச நேரந்தான். கிணத்துல முங்கி எழுந்தவன் மாதிரி ஒரு மூச்சு இழுத்தான். கண்ணைத் தொறந்தான். தொறந்து அவங்க அம்மாவைக் கண்டபடி வஞ்சான். வஞ்சதைக் கேட்டு அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. நான் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒத்தப் பிள்ளைங்க.

சரி, முழிச்சுட்டான்ல, தெரு முழுக்கத் தெரியறதுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னேன். டாக்டரு விடல. ஊசி வேலை செய்யிறது கொஞ்ச நேரந்தான், மாத்திரை அதைவிட அதிக நேரம் ஒடம்புல இருக்கும், மறுபடி மூச்சு அமுங்கலாம், இங்கயே இருக்கட்டும்னாரு. அவர் சொன்ன மாதிரியே சாயங்காலம் மறுபடி கண்ணு சொருகி, மறுபடி ஊசி போட்டாங்க. வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவ இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காமிக்கிறா. கொண்டு போகலைல்ல? அப்புறம் எதுக்கு அதைப் பேசணும்?

அண்ணாச்சி பெரிய மனுஷன், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை திட்டல. டீ வாங்கிக் குடுத்தாரு. கெளம்பும்போது மட்டும், பால்பாண்டி, அலுப்புன்னு சொன்னீங்களேன்னு சிக்னல்ல எல்லாம் நின்னு நின்னு ஓட்டிட்டு வந்தேன்யா, விஷயத்தைச் சொல்லியிருந்தா நிக்காம வந்திருப்பேனேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. சம்பந்தம் போச்சு.

இப்ப சொல்லுங்க. டாக்டரை அந்த ஓரமாக் கூப்பிட்டு, காதுல சொல்லியிருக்கலாமா கூடாதா? நாலே எட்டு. திரைச்சீலை வேற தொங்குது. அதுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்ச் சொல்லியிருந்தா பையனும் பொழச்சிருப்பான், மானமும் பொழச்சிருக்கும். இதைக் கேட்டா, அந்த நாலு எட்டு வைக்க அவனுக்கு மூச்சு இருந்துச்சான்னு கேக்குறா. பதில் பேசுனா சண்டைதான் வருது.

அன்னைக்கே தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. தங்கச்சி மாப்பிள்ளை ரெண்டு மாசம் பேசல. ஏமாத்திட்டேனாம். அந்த மாலைக்காக இன்னும் பொருமுறாரு. நவநீதன் மறுபடி இங்க வந்து இருந்துட்டு, இந்தத் தடவை பஸ்லதான் வந்து எறங்குனான். எறங்கி, தெருமுனை டீக்கடையில நின்னு, எங்கடா போயிருந்தன்னு கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். பழைய பசங்க போன் போட்டா ஸ்பீக்கர்ல போட்டு அவங்க அம்மாவையும் வச்சுக்கிட்டுப் பேசுறான். அவனுங்களும் கூப்பிடுறதை நிறுத்திட்டானுங்க. அது ஒண்ணுதான் நடந்த நல்லது.

அதோட விட்டானா? எங்க தெரு இளைஞர் மன்றத்துப் பசங்க கடைக்கு வந்து ஒரு கூட்டத்துக்குச் சேரும் மைக் செட்டும் வேணும்னானுங்க. கட்சிக் கூட்டம்னு நெனச்சு அனுப்பிட்டேன். சாயங்காலம் போய்ப் பாத்தா பேனர்ல என் பையன் படம். போதை மாத்திரை விழிப்புணர்வுக் கூட்டமாம். நம்ம மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நம்ம பிள்ளையே நம்மளைச் சந்தி சிரிக்க வைக்கிறான். எல்லாத்தையும் சொல்றான், ஏர்போர்ட்டுல இருந்து சொல்றான். ஜனம் சிரிக்குது. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. குறட்டைன்னு நெனச்சு விட்டுராதீங்க, எழுப்பிப் பாருங்க, எழுந்திரிக்கலேன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னான். மூச்சு வரலேன்னா ஊதுங்க, வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்கன்னான். கூட இருந்து போடுற பசங்களைப் பாத்து, டேய், போலீஸுக்குப் பயந்து அவனைத் தனியா விட்டுட்டு ஓடாதீங்கடா, ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டாவது ஓடுங்கடான்னான். சேர் பத்தாம ஆளுங்க நின்னுக்கிட்டே கேட்டாங்க. சேர் நெறஞ்சா எனக்கு சந்தோஷம்தான் வரும். அன்னைக்கு வயிறு எரிஞ்சுச்சு.

முடிஞ்சு சேரை அடுக்கிட்டிருந்தேன். ஒருத்தி மட்டும் எந்திரிக்கல. ஜெராக்ஸ் கடை கோமதி. அவ பையன் அருள், எங்க நவநீதனைவிட ரெண்டு வயசு சின்னவன், அதுக்கு முந்தின வருசம் போயிட்டான். மாரடைப்பு. பந்தல் நான்தான் போட்டேன். எந்திரிம்மா, அடுக்கணும்னேன்.

அண்ணே, மாரடைப்பு இல்லண்ணேன்னா.

அவளே சொன்னா. காலையில இருந்து அந்த மாதிரித்தாண்ணே குறட்டை விட்டான், அசந்து தூங்குறான்னு போர்வையை நல்லா இழுத்துப் போத்திவிட்டுட்டுக் கடை தெறக்கப் போயிட்டேன்னா. அவன் மாத்திரை போடுறான்னு எனக்குத் தெரியும்ணே, எங்க கொண்டு போறதுன்னுதான் தெரியல, யார்கிட்ட கேக்குறதுன்னும் தெரியலன்னா. அப்புறம் என்னை நிமிந்து பாத்து, அப்ப உங்க பையன் இங்கதான் இருந்தானாண்ணே, திண்டுக்கல் ரோட்டுலன்னா. ஆமான்னேன். நான் துபாய்னுல்லண்ணே நெனச்சேன், தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுக்கு வந்து கேட்டிருப்பேன்ல, நானும் கொண்டுபோய் விட்டிருப்பேன்லன்னா.

கோவமாச் சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். நீயும்தானேம்மா மறைச்ச, மாரடைப்புன்னுதானே சொன்ன, அதை நம்பித்தானே நானும் வந்தவங்களுக்கெல்லாம் சொன்னேன்னு கேட்டிருப்பேன். இது என்ன நியாயம் சொல்லுங்க? என் வீட்டு விஷயத்தை நான் மறைச்சா அவ வீட்டுல எப்பிடிப் போய்க் கெடுதல் ஆகும்? ஆளாளுக்கு என் தலையில வந்து எறக்கி வைக்கிறாங்க. நான் சேரை அடுக்காம அப்பிடியே போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள்தான் பசங்க போய் எடுத்தானுங்க. நம்ம கடை ஆரம்பிச்சதுல இருந்து சேர் வெளிய கெடந்தது அன்னைக்குத்தான்.

இப்பக் கடைக்கு யாராவது வந்து சேரைத் தடவிப் பாத்துக்கிட்டே நின்னா, அது விசேஷத்துக்கு வந்தவங்க இல்லன்னு தெரிஞ்சுரும். பையன் பெங்களூர்ல இருக்கான்னு ஆரம்பிப்பாங்க. உள்ள போங்க, வீட்டம்மா இருக்கான்னு கையைக் காட்டிருவேன். வியாபாரத்தைப் பாக்க விட மாட்டேங்கிறாங்க.

என் பொழப்பைக் கேளுங்க. மத்தியானம் சாப்பிட்டா ஒரு மணி நேரம் படுப்பேன், சின்ன வயசுல இருந்து பழக்கம். இப்பத் தூக்கம் வர்றதில்ல. அவன் பக்கத்து அறையில படுத்திருப்பான். குறட்டை விட்டாலும் பயமா இருக்கு, விடலேன்னாலும் பயமா இருக்கு. அவ நிம்மதியாத் தூங்குறா. அவளுக்கென்ன, எப்பிடி ஊதணும்னு தெரியும். எனக்குத் தெரியாதே. இந்த வயசுல உள்ள போய், பொம்பளைங்களோட பாய்ல உக்காந்து, தலகாணியை வச்சுக்கிட்டு ஊதச் சொன்னா எனக்கு வருமா?

போன வாரம் ஒரு நாள் சத்தமே இல்ல. எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான். நெஞ்சு ஏறி எறங்குதான்னு தெரியல, போர்வை கெடக்கு. கிட்டப் போய்க் குனிஞ்சு மூக்குக்கிட்ட வெரலை வச்சேன். கண்ணைத் தொறக்காமலே, இருக்கேம்ப்பா, போய்ப் படுங்கன்னான்.

கொசு இருந்துச்சுடா, அதான் அடிக்க வந்தேன்னேன். சிரிச்சான். வெரல்ல அவன் மூச்சு பட்டுச்சு, சூடா.

சிரிச்சுட்டுப் போறான். அவனுக்கு மூச்சு வந்தாப் போதும் எனக்கு.